கடலுக்கும் மாதம் உண்டு

நம் இலக்கண நூலார் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் என்று பங்கிட்டவர்கள், மருதத்துக்கும் நெய்தலுக்கும் வந்தபோது ஆறு பொழுதும் உரியவை என்று முடித்துவிட்டனர். இதைப் படிக்கும் ஒருவர், கடற்கரைக்குத் தனிப் பருவமே இல்லை என்று பொருள் கொள்ள இடமுண்டு. ஆறும் உரியவை என்றால் ஆறிலும் கடற்கரை வேறுவேறாக இருக்கும் என்றும் பொருள் கொள்ளலாம். தை மாதத்தில் ஹவாய்த் தீவுகளை ஏழு நாள் கப்பலில் சுற்றி வந்த எங்களுக்கு இரண்டாவது பொருளே சரியென்று பட்டது.

ஹவாயின் பழங்குடியினர் ஆண்டை இரண்டாகவே பகுத்தனர். மே முதல் அக்டோபர் வரை ‘கவு’ என்னும் வெயிற்காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ‘ஹோஒய்லோ’ என்னும் மழைக்காலம். நாங்கள் போனது இந்த இரண்டாவது பாதியின் நடுவில். “ஜனவரியில் கடற்கரைக்கா? குளிராதா?” என்று கேட்ட நண்பர்களுக்கு எண்களைக் கொண்டு பதில் சொல்வது எளிது. ஹொனலூலுவில் ஜனவரிப் பகலின் வெப்பம் ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ், இரவில் 19 பாகை. கடல்நீரின் வெப்பம் 24, 25 பாகை. கப்பலின் குளிர்சாதன அறைகளில்தான் கம்பளிச் சட்டை தேவைப்பட்டதே தவிர, வெளியே ஒருநாளும் தேவைப்படவில்லை. ஆனால் இந்த எண்கள் எதையும் சொல்லிவிடுவதில்லை. வெப்பமண்டலத் தீவில் குளிர்காலம் உடம்பில் தெரிவதில்லை, கரையில் தெரிகிறது.

எங்கள் குழுவில் ஆறு பேர். மூத்தவர் பெரியப்பா, வயது எழுபத்தெட்டு, வேதாரண்யத்துக்காரர். விவசாயிதான் என்றாலும் கடலின் பக்கத்திலேயே வாழ்ந்தவர். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தின் அருகே கரையைக் கடந்த இரவில், தாம் வைத்து வளர்த்த தென்னைகள் ஒவ்வொன்றாக முறியும் ஓசையை வீட்டுக்குள் அமர்ந்து கேட்டவர். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் கோடியக்கரையில் கடலில் மூழ்கி எழுவது அவருக்கு ஐம்பது ஆண்டுப் பழக்கம். எங்களோடு வர அவர் ஒப்புக்கொண்டபோது ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார். “தை அமாவாசை நடுவுல வருது. அன்னிக்கு எந்தக் கடலானாலும் சரி, நான் முழுகணும்.” கப்பல் முழுவதுமே கடலில்தானே போகிறது, இதிலென்ன சிக்கல் என்று நாங்கள் சிரித்துக்கொண்டே சரியென்றோம்.

*

ஹவாய்த் தீவுகளை எப்போதும் வடகிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்றே ஆள்கிறது. அது கொண்டுவரும் ஈரம் மலைகளில் மோதித் தீவுகளின் வடகிழக்குச் சரிவுகளில் மழையாக இறங்கிவிடும். தென்மேற்குப் பக்கம் மழை மறைவில் காய்ந்து கிடக்கும். உல்லாச விடுதிகள் பெரும்பாலும் இந்தக் காய்ந்த பக்கத்தில்தான் இருக்கின்றன. கோடையில் வாணிபக் காற்று கிட்டத்தட்ட நாள்தோறும் வீசும். குளிர்காலத்தில் அதன் பிடி தளர்கிறது. வடக்கிலிருந்து குளிர்முகங்கள் இறங்கி வருகின்றன. சில நேரங்களில் தீவுகளுக்கு மேற்கே தாழ்வழுத்தம் உருவாகிக் காற்று திசைமாறித் தெற்கிலிருந்து அடிக்கும். இதைக் ‘கோனாப் புயல்’ என்கிறார்கள். ‘கோனா’ என்றால் காற்றுக்கு மறைவான பக்கம். மறைவான பக்கத்திலிருந்தே காற்று வந்துவிட்டால் அன்று மழைக்கும் வெயிலுக்கும் இடம் மாறிவிடும்.

இது வானத்தின் கதை. கடலின் கதை இன்னும் தொலைவில் தொடங்குகிறது. குளிர்காலத்தில் அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளின் அருகே பெரும் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறக்கின்றன. அவை எழுப்பும் அலைகள் புயலை விட்டுப் பிரிந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திறந்த கடலில் இரண்டு, மூன்று நாள் பயணம் செய்து, வழியில் மோத நிலமே இல்லாமல் ஹவாயின் வடகரைகளில் வந்து விழுகின்றன. அதனால்தான் வானம் நீலமாக, காற்று மென்மையாக இருக்கும் ஒரு காலையில், யாரோ எங்கோ கண்ட புயலின் அலைகள் இங்கே இருபது முப்பது அடி உயர்ந்து நிற்கின்றன. தென்கரையின் கணக்கு வேறு. அங்கே பெரிய அலைகள் கோடையில்தான் வரும். அப்போது பூமியின் தென்பாதியில் குளிர்காலம். அங்குள்ள புயல்கள் இங்கே அலை அனுப்புகின்றன. ஆகவே ஜனவரியில் வைக்கீக்கி குளம்போலக் கிடக்கும். அதே நாளில், அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடும் வடகரையில் மனிதர் இறங்க முடியாது.

அலையை அளப்பதிலும் உள்ளூரில் ஒரு வழக்கம் உண்டு. அங்குள்ள அலைச்சறுக்கு வீரர்கள் அலையை அதன் முதுகுப்புறத்தை வைத்து மதிப்பிடுகிறார்கள். கரையில் நிற்பவருக்குத் தெரியும் முகப்பு அதைப்போல ஏறக்குறைய இருமடங்கு இருக்கும். “இன்று ஆறடிதான்” என்று உள்ளூர்க்காரர் சொன்னால் உங்கள் முன் நிற்கப்போவது பன்னிரண்டடி என்று கொள்ள வேண்டும். இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டு போவது, எந்தக் கையேட்டையும் விடப் பயன் தரும்.

*

கப்பல் முதலில் மௌயியில் நின்றது. குளிர்காலத்தில் வருவோருக்கு இந்தத் தீவு தரும் கொடை திமிங்கிலங்கள். அலாஸ்காவின் குளிர்ந்த நீரில் கோடை முழுதும் உண்டு கொழுத்த கூன்முதுகுத் திமிங்கிலங்கள் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீந்தி, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே தங்கி, இணைசேர்ந்து குட்டி ஈனுகின்றன. இங்கிருக்கும் நாட்களில் அவை பெரும்பாலும் எதையும் உண்பதில்லை. தாய் தன் உடலின் கொழுப்பைப் பாலாக்கிக் குட்டிக்குக் கொடுத்துத் தான் இளைக்கிறது. கப்பல்தளத்திலிருந்து தொலைவில் எழுந்த நீர்மூச்சுகளைக் காலை முழுதும் எண்ணிக்கொண்டிருந்தோம். மேற்குக் கரையில், 2023 ஆகஸ்டு 8 அன்று எரிந்துபோன லஹைனா நகரம் இருந்த திசையைப் பார்த்துப் பெரியப்பா கைகூப்பினார். நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற தீ அது. காய்ந்த பக்கத்தில் வாழ்வதற்கும் ஒரு விலை இருக்கிறது.

அடுத்து ஹீலோ. ஈரப் பக்கத்தின் தலைநகரம். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை; சென்னை பெறுவதைப் போல இருமடங்குக்கும் அதிகம். நாங்கள் இறங்கியபோதும் பெய்தது. பிற்பகலில் மேகம் சற்றே விலகியபோது, தென்னைகளுக்கு மேலே, நம்ப முடியாத உயரத்தில் மவுனா கேயாவின் உச்சி வெண்பனியோடு தெரிந்தது. 4,207 மீட்டர். அங்கே போலியாஹு என்னும் பனித்தெய்வம் குடியிருப்பதாகத் தீவினர் சொல்வர். காலடியில் பூத்திருந்த செம்பருத்தியையும் தலைக்குமேல் தெரிந்த பனியையும் ஒரே பார்வையில் கண்டபோது, எங்களில் ஒருவருக்கும் பேச்சு எழவில்லை.

*

தை அமாவாசை, நாங்கள் கோனாவில் நிற்க வேண்டிய நாளில் வந்தது. அதற்கு முன்னிரவு ஒரு சிறு வழக்கு நடந்தது. ஊரில் அமாவாசை விடிந்துவிட்டது என்று தொலைபேசியில் செய்தி வந்தபோது எங்களுக்கு முந்தைய நாளின் பிற்பகல். ஹவாய் இந்தியாவுக்குப் பதினைந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. எது அமாவாசை? பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்: “எந்தக் கடல்ல முழுகுறமோ அந்தக் கடல்ல சூரியன் எப்ப வருதோ, அதான் கணக்கு.”

கோனாவில் பெரிய கப்பல்கள் கரையணையும் துறை இல்லை. கப்பல் கடலில் நங்கூரமிட, பயணிகள் சிறு படகுகளில் மாறிக் கரை சேர வேண்டும். அன்று காலை வடமேற்கிலிருந்து அலை ஏறியிருந்தது. படகுக்கும் கப்பலுக்கும் இடையே இருந்த பலகை ஓரடி எழுவதும் ஓரடி தாழ்வதுமாக இருந்தது. இறக்கலாமா வேண்டாமா என்று ஒன்றரை மணி நேரம் யோசித்துப் பின்னர் மாலுமிகள் அனுமதித்தார்கள். பெரியப்பாவை இரு மாலுமிகள் தோளைப் பற்றிப் படகுக்குள் இறக்கினார்கள்.

நகருக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் லாவலோவா என்ற சிறு கடற்கரை இருக்கிறது. உள்ளூரில் அதற்கு ‘மறையும் மணல்’ என்று பெயர். கோடையில் வெண்மணல் நிறைந்திருக்கும் அந்த இடத்துக்குப் படங்களை நம்பிப் போனோம். மணலைக் காணவில்லை. எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைகள் பற்களைப்போல நின்றன. அவற்றின்மேல் அலைகள் நேராகக் கவிழ்ந்து உடைந்தன. நீளமாக உருண்டு வந்து கரையேறும் அலைகள் அல்ல. கரையிலேயே எழுந்து கரையிலேயே விழும் அலைகள். கழுத்தெலும்பை முறிப்பவை இவைதாம் என்று அங்கிருந்த பலகை எச்சரித்தது. ஹவாய்க்கு வரும் வெளியூர்ப் பயணிகளை விபத்தில் கொல்லும் காரணங்களுள் முதலிடம் கடலுக்குத்தான்.

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். நாங்கள் தடுத்தோம். அவர் கேட்கவில்லை. “மூணே முழுக்கு. ஓரமா உக்காந்து முழுகிட்டு வந்துடறேன். கார்த்திகைக் கடலையே பாத்தவன்பா நான்.” ஐம்பது ஆண்டு விடாமல் செய்த ஒன்று தம் கையில் அறுந்துபோவதை அவர் விரும்பவில்லை. அவருடைய கோடியக்கரை வேறு. அங்கே நெடுந்தூரம் நடந்தால்தான் இடுப்பளவு நீர் என்று எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். இங்கே நான்கடி தள்ளினால் காலுக்கு அடியில் தரை இல்லை. ஒருபுறம் அவருடைய ஐம்பது ஆண்டு, மறுபுறம் அவருடைய உயிர். இரண்டுக்கும் நடுவில் நின்று என்ன சொல்லித் தடுப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் எங்களைப் போலக் கப்பலிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர், அலைக்கு முதுகைக் காட்டியபடி படம் எடுத்துக்கொள்ள நின்றார். அலை அவரைத் தூக்கிப் பாறையில் எறிந்தது. உயிர்காப்பாளர் ஓடிப்போய் இழுத்து வந்தார். தோளில் தோலுரிந்து குருதி வழிந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கட்டுப் போட்டுவிட்டுத் திரும்பிய உயிர்காப்பாளர், வேட்டியோடு நின்ற பெரியப்பாவைப் பார்த்து, “அவர் நீந்த வந்திருக்கிறாரா?” என்று எங்களிடம் கேட்டார். அமாவாசையையும் முன்னோரையும் மூன்று முழுக்கையும் எங்களால் இயன்ற ஆங்கிலத்தில் விளக்கினோம். அவர் சிரிக்கவில்லை. “இங்கே வேண்டாம். இந்த மாதத்தில் இந்தக் கடல் எங்களுக்கும் கிடையாது. படகு வந்திறங்கிய துறைக்குப் பக்கத்தில் ஒரு சிறு குடா இருக்கிறது, கமக்கஹோனு. அங்கே நீர் அசையாது. அவரை அங்கே அழைத்துப் போங்கள்” என்றார்.

நாங்கள் அதைத் தமிழில் சொன்னதும், பெரியப்பா மடித்த வேட்டியை இறக்கிவிட்டார். “என்னப்பா, இந்தக் கடலுக்கும் மாசம் உண்டா?” என்று கேட்டார். பிறகு அவராகவே, “இல்லாம இருக்குமா” என்றார்.

கமக்கஹோனுவில் நீர் உண்மையாகவே அசையவில்லை. ஹவாய்த் தீவுகளை ஒன்றாக்கிய மன்னர் முதலாம் கமேஹமேஹா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து 1819இல் இறந்த இடம் அது. குடாவின் ஓரத்தில் ‘அஹுஏனா’ என்னும் பழைய வழிபாட்டிடம் கற்றளத்தின்மேல் மீளக் கட்டப்பட்டு நிற்கிறது. அதை மன்னர் அர்ப்பணித்தது லோனோ என்னும் தெய்வத்துக்கு. லோனோ மழைக்கும் விளைச்சலுக்கும் உரியவர். குளிர்காலமே அவருடைய காலம். அவருக்கு நான்கு மாதம் ‘மகாஹிகி’ என்னும் விழா நடக்கும். அந்த மாதங்களில் போர் கூடாது. விழாவின் தொடக்கத்தை அறிவிப்பது ஒரு விண்மீன் கூட்டம். நவம்பர் வாக்கில், சூரியன் மறையும் வேளையில் அது கிழக்கே எழுவதைக் கண்டு மகாஹிகி தொடங்கும். தீவினர் அதற்கு ‘மக்காலீ’ என்று பெயரிட்டனர். நாம் கார்த்திகை என்கிறோம். நாம் விளக்கேற்றும் அதே பருவத்தில், அதே மீன்களைப் பார்த்து, பசிபிக்கின் நடுவில் ஒரு மக்கள் போரை நிறுத்திவைத்தார்கள்.

பெரியப்பா லோனோவின் இருப்பிடம் எதிரே தெரிய, இடுப்பளவு நீரில் நின்று மூன்று முறை மூழ்கி எழுந்தார். கப்பல் உணவகத்தில் கேட்டு வாங்கி வைத்திருந்த எள் கையில் இருந்தது. பக்கத்தில் ஒரு குழந்தை பிளாஸ்டிக் வாளியில் நீர் மொண்டுகொண்டிருந்தது.

*

கோனாவுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது கெயலக்கெகுவா விரிகுடா. குளிர்காலத்துக் கடல் ஒரு வரலாற்றையே திருப்பிய இடம். 1779 ஜனவரியில், மகாஹிகி நடந்துகொண்டிருந்தபோது, கேப்டன் ஜேம்ஸ் குக் அங்கே வந்து பெரும் வரவேற்பைப் பெற்றார். பிப்ரவரித் தொடக்கத்தில் விடைபெற்றுக் கிளம்பினார். சில நாட்களிலேயே புயற்காற்றில் அவருடைய கப்பலின் முன்பாய்மரம் பழுதாக, அதே விரிகுடாவுக்குத் திரும்ப நேர்ந்தது. விழாக்காலம் முடிந்திருந்தது. வரவேற்பும் முடிந்திருந்தது. களவுபோன ஒரு படகை முன்னிட்டு எழுந்த பூசலில் பிப்ரவரி 14 அன்று அவர் கொல்லப்பட்டார். தீவினர் அவரை லோனோவாகவே கருதினார்களா என்பது இன்றுவரை முடியாத விவாதம். அப்படிக் கருதியது தீவினரல்ல, தெய்வமாக்கிப் பார்த்தது ஐரோப்பியரின் கற்பனையே என்று இலங்கை மானுடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1992இல் ஒரு நூல் எழுதினார். மார்ஷல் சாலின்ஸ் 1995இல் மறுத்து ஒரு நூலே எழுதினார். வாதம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், பாய்மரத்தைப் பழுதாக்கிய காற்று குளிர்காலத்துக் காற்று என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை.

கடைசித் தீவு கவாயி. அதன் நடுவிலுள்ள வையலேயலே மலை உலகின் மிக ஈரமான இடங்களில் ஒன்று. ஆண்டு மழை 11,000 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். அந்த மலையை நோக்கியவாறு, வைலுவா ஆற்றின் கரையில், சோழர் பாணியில் ஒரு கருங்கல் சிவன் கோயில் இருக்கிறது. கணபதி ஸ்தபதி வடிவமைத்து, பெங்களூருவின் அருகே கையாலேயே செதுக்கப்பட்ட கற்கள் கப்பலேறி வந்து இங்கே கோயிலாகி, 2023இல் குடமுழுக்குக் கண்டது. மழையில் நனைந்த கல்லைப் பெரியப்பா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “நம்ம ஊரு கல்லு. இவ்வளவு மழைய இது பாத்திருக்காது,” என்றார்.

கவாயியின் வடமேற்கே நா பாலி என்னும் செங்குத்துக் கரை. பயணத்தின் உச்சம் அதுதான் என்று எல்லோரும் சொல்வர். அலை மிகுந்திருந்ததால் கப்பல் தொலைவிலேயே திரும்பிவிட்டது. மேகத்துக்குள் பச்சை மடிப்புகள் சிலவற்றைக் கண்டதோடு சரி. அந்தக் கரையில் ஹனக்காபியாய் என்ற இடத்தில் ஒரு மரப்பலகை புகழ்பெற்றது. நீரருகே போகாதீர் என்ற எச்சரிக்கைக்குக் கீழே, அங்கே மாண்டவர்களைக் கோடு கோடாகக் கீறிக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

*

கப்பலை விட்டிறங்கிய பின் ஒவாஹுவின் வடகரைக்குக் காரில் போய் வைமேயா விரிகுடாவைப் பார்த்தோம். இங்கே 1960களின் இறுதியில் உயிர்காப்பாளராகச் சேர்ந்தவர் எடி ஐகாவ். அவர் பணியில் இருந்தபோது வைமேயாவில் ஒருவரும் உயிரிழக்கவில்லை என்பர். 1978 மார்ச்சில், பழைய பாலினேசிய முறையில் கட்டப்பட்ட ஹொக்குலேயா என்னும் பாய்மரப் படகு கடலில் கவிழ்ந்தது. தோழர்களுக்கு உதவி தேடித் தம் சறுக்குப் பலகையில் துடுப்பிட்டுச் சென்ற ஐகாவ் திரும்பவில்லை. மற்றவர்கள் மீட்கப்பட்டனர். அவர் நினைவாக நடக்கும் போட்டி, அலையின் முகப்பு நாற்பதடியை எட்டும் குளிர்காலத்தில் மட்டுமே நடக்கும். பல ஆண்டுகள் நடக்காமலே போய்விடும். 2016க்குப் பின் 2023 ஜனவரி 22 அன்று நடந்தபோது வென்றவர் லூக் ஷெப்பர்ட்சன். அவரும் ஓர் உயிர்காப்பாளர். அன்று அவருக்குப் பணிநாள். இடைவேளைகளில் போட்டியில் கலந்துகொண்டு, மீண்டும் தம் கோபுரத்துக்குப் போனார்.

வடகரையில் எங்களை உறுத்தியது அலை அல்ல, மணல். குளிர்கால அலைகள் கரை மணலை உள்ளே இழுத்துக் கடலடியில் மேடாக்கி வைக்கின்றன. கோடையின் மெல்லலைகள் அதைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொண்டுவருகின்றன. லாவலோவாவில் நாங்கள் கண்டது இந்த ஆண்டுச் சுழற்சியின் ஒரு பாதி. ஆனால் எல்லா இடத்திலும் முழுவதும் திரும்பி வருவதில்லை. கவாயி, ஒவாஹு, மௌயி ஆகிய மூன்று தீவுகளின் கடற்கரைகளில் நூற்றுக்கு 70 பங்கு தொடர்ந்து அரிக்கப்படுவதாகவும், ஒரு நூற்றாண்டில் 9 பங்கு அடியோடு மறைந்துவிட்டதாகவும் அமெரிக்க நிலவியல் அளவைத் துறை 2012இல் கணித்தது. கடல்மட்டம் உயர்கிறது, வீட்டைக் காக்க எழுப்பிய சுவர்கள் மணலின் வரத்தைத் தடுக்கின்றன. வடகரையில் 2022இலும் 2024இலும் வீடுகள் சரிந்து கடலில் விழுந்தன. வைக்கீக்கியின் மணலோ 2012இலும் 2021இலும் கடலடியிலிருந்து இறைத்துக் கொட்டியது. மணலை உண்டாக்குபவற்றுள் கிளிமீனும் ஒன்று. பவளப்பாறையைக் கொறித்துத் தின்று, செரிக்காததை வெண்மணலாக வெளியேற்றும். அந்த வேகத்துக்கு இந்த வேகம் ஈடாகுமா என்பதுதான் கேள்வி.

குளிர்காலத்தில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு, போகலாம் என்றே சொல்வோம். திமிங்கிலம் உண்டு, பனி சூடிய மலை உண்டு, கூட்டமில்லாத மழைத்தெருக்கள் உண்டு. நீராடுவதற்குத் தென்கரையைத் தேர்ந்துகொள்ளுங்கள். உயிர்காப்பாளர் இருக்கும் கரையில் மட்டும் இறங்குங்கள். இறங்கும் முன் பத்து நிமிடம் நின்று அலையைப் பாருங்கள். கப்பல் ஒரு துறையில் நிற்காமல் போனால் வருந்த வேண்டாம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் கோனாவுக்குப் போன நண்பர் ஒருவர் லாவலோவாவின் படத்தை அனுப்பினார். பாறைகள் இல்லை. ஒரு பாக வெண்மணலும் அதில் விளையாடும் குழந்தைகளும் இருந்தனர். பெரியப்பாவுக்கு அனுப்பிவைத்தோம். அவர் ஆடி அமாவாசைக்குக் கோடியக்கரை போய் வந்திருந்தார். நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது: “போன மணல் பூரா வந்துடுச்சா, கொஞ்சம் குறையுதான்னு அங்க இருக்கறவங்களக் கேளு.”